'பசங்களுக்கு அக்கறை இல்லை' என்பது உண்மையா? கல்லூரிக்கு வந்த மாணவரைத் தக்கவைக்க பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் படிப்புல அக்கறையே இல்ல. கிளாஸுக்கு வர்றதில்ல, வந்தாலும் போனைத்தான் பாக்குறாங்க." எந்தக் கல்லூரியின் ஆசிரியர் அறைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "கிளாஸ்ல உட்கார்ந்தா புதுசா என்ன கிடைக்குது? நோட்ஸ் எல்லாம் குரூப்லயே வந்துடுது" என்பது கேன்டீன் பக்கம் கேட்கும் பதில்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், ஒரு மாணவர் படிப்பைப் பாதியில் விடுவதற்கு 'அக்கறையின்மை' மட்டுமே காரணமா என்று பார்த்தால், விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது. பஸ் நேரம், கட்டாத ஃபீஸ், புரியாத ஆங்கிலம், யாரிடம் கேட்பது என்று தெரியாத தயக்கம் என, தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும் தடைகள் ஒன்று சேர்ந்துதான் பல மாணவர்களை வெளியே தள்ளுகின்றன. பெரும்பாலும் சத்தமே இல்லாமல்.

அந்தத் தடைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து அகற்றிய பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுவோர் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்திருக்கிறது. அது எப்படி நடந்தது? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எதைச் செய்யலாம்?

யார் இந்தத் தலைமுறை?

பொதுவாக 1997 முதல் 2012 வரை பிறந்தவர்களை 'ஜென் ஸீ' தலைமுறை என்கிறார்கள். இன்று கல்லூரியில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தத் தலைமுறைதான். ஆனால், வயதைவிட முக்கியமான மூன்று விஷயங்கள் இவர்களை முந்தைய தலைமுறைகளிலிருந்து வேறுபடுத்துகின்றன.

முதலாவது, எண்ணிக்கை. மத்திய அரசின் 2021-22 உயர்கல்வி கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4. தமிழ்நாட்டில் அது 47. அதாவது, 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 47 பேர் என்ற அளவில் உயர்கல்வியில் இருக்கிறார்கள். பெரிய மாநிலங்களில் இது மிக உயர்ந்த அளவு.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. வீட்டில் அதுவரை யாருமே கல்லூரி வாசலை மிதித்திராத குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான் இதன் பொருள். 'செமஸ்டர்னா என்ன', 'இன்டர்னல் மார்க் எப்படிப் போடுவாங்க', 'அரியர் விழுந்தா அடுத்து என்ன பண்ணணும்' என்று வீட்டில் சொல்லித் தர அவர்களுக்கு ஆள் இல்லை.

இரண்டாவது, கொரோனா காலம். 2025-26 கல்வியாண்டில் இளநிலைப் பட்டப்படிப்பில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் 2020-21-ல் 8, 9, 10-ம் வகுப்புகளில் படித்தவர்கள். பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 9, 10, 11-ம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வேறு வழியில்லாத சூழலில் எடுக்கப்பட்ட முடிவு அது. ஆனால், அப்போது விடுபட்ட அடிப்படைப் பாடங்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கிலோ அக்கவுன்ட்ஸிலோ அந்த இடைவெளி வெளியே தெரிகிறது.

மூன்றாவது, கையில் இருக்கும் போன். பாடத்தின் விளக்கம் யூடியூபில் கிடைக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அசைன்மென்ட்டும் அதிலேயே கிடைக்கிறது. தகவல் கிடைக்கும் ஒரே இடமாக வகுப்பறை இருந்த காலம் முடிந்துவிட்டது. எனவே, 'கிளாஸுக்கு ஏன் வரணும்?' என்று மாணவர் கேட்டால், அது திமிரான கேள்வி அல்ல. கல்லூரி பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி.

மாணவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்?

தடைகளை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

பணம்: கட்டணம் மட்டுமே செலவு அல்ல. பஸ், ஹாஸ்டல், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், புராஜெக்ட் பிரின்ட் அவுட் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். உதவித்தொகை உண்டு என்றாலும், அது தேவைப்படும் மாதத்தில் கைக்கு வராவிட்டால் பயன் பாதியாகிவிடும்.

நேரம்: கிராமத்திலிருந்து வரும் மாணவருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ் இருக்கலாம். அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. மாலையில் மெடிக்கல் ஷாப்பிலோ துணிக்கடையிலோ உணவு டெலிவரியிலோ வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் படுப்பவர்கள் மறுநாள் வகுப்பில் தூங்குவது வியப்பல்ல.

மொழி: 12-ம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலத்தில் மட்டும் பாடம் கேட்பவர் முதலில் இழப்பது மதிப்பெண்ணை அல்ல, தைரியத்தை. சந்தேகம் கேட்க எழுந்து நின்றால் 'இங்கிலீஷ்ல கேளு' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே கை தூக்காமல் மூன்று வருடம் போய்விடும்.

கேட்கத் தெரியாதது: இது கண்ணுக்குத் தெரியாத தடை. மறுமதிப்பீட்டுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் வருமானச் சான்று கொடுக்க வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை எங்கே பார்ப்பது போன்றவை எல்லாம் நோட்டீஸ் போர்டில் இருக்கும். ஆனால், அதைப் படித்துப் புரிந்துகொண்டு அலுவலக கவுன்ட்டரில் போய்க் கேட்கும் பழக்கம் எல்லோருக்கும் வீட்டிலிருந்து வருவதில்லை.

இந்த நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை. பஸ் தாமதத்தால் வருகைப் பதிவு குறையும். அது குறைந்தால் அபராதக் கட்டணம் வரும். அதைக் கட்ட வேலைக்குப் போனால் இன்னும் சில வகுப்புகள் போகும்.

வருகைப் பதிவு: தண்டனையா, எச்சரிக்கை மணியா?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு எழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். அதற்குக் கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்று, 'கண்டோனேஷன் ஃபீஸ்' எனப்படும் கட்டணம். ரொம்பவே குறைந்தால் அந்தத் தேர்வை எழுத முடியாது. இதுதான் பல கல்லூரிகளில் நடைமுறை.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு எப்போது பார்க்கப்படுகிறது என்பதுதான். பல இடங்களில் ஹால் டிக்கெட் கொடுக்கும் நேரத்தில்தான் 'உனக்கு 61 சதவீதம்தான் இருக்கு' என்று மாணவருக்குச் சொல்லப்படுகிறது. அப்போது அவரால் செய்ய எதுவும் இல்லை.

வருகைப் பதிவுக் குறைவால் தேர்வு எழுத முடியாமல் போன நிலையில், டெல்லியில் சட்ட மாணவர் ஒருவர் 2016-ல் உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவம் நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், குறைந்தபட்ச வருகைப் பதிவு இல்லை என்பதற்காகச் சட்ட மாணவர்களைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று கூறியது. சட்டப் படிப்புக்கான தீர்ப்பு இது என்றாலும், வருகைப் பதிவு எதற்காக என்ற கேள்வியை அது எல்லாக் கல்லூரிகளுக்கும் எழுப்பியிருக்கிறது.

அதே வருகைப் பதிவேட்டை மூன்றாவது வாரத்தில் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு மாணவி திங்கள்கிழமை மட்டும் வருவதில்லை என்றோ, ஒரு மாணவர் முதல் பீரியடை மட்டும் தொடர்ந்து விடுகிறார் என்றோ தெரிந்துவிடும். "ஏன் வரல?" என்று அதட்டிக் கேட்காமல் "என்னம்மா ஆச்சு?" என்று விசாரித்தால் காரணம் வெளியே வரும். பதிவேடு ஒன்றுதான். எந்த வாரத்தில் திறந்து பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஜார்ஜியா ஸ்டேட்: 'சி' கிரேடு சொன்ன ரகசியம்

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளும் கறுப்பின மாணவர்களும் அதிகம் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் அது. 2003-ல் அங்கே ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுவோர் விகிதம் வெறும் 32 சதவீதம். அடுத்த 15 ஆண்டுகளுக்குள் அது 50 சதவீதத்தைத் தாண்டியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே பட்டம் பெறுவதில் இருந்த இடைவெளியும் மறைந்தது.

எப்படி? பழைய மாணவர்களின் மதிப்பெண்களை அந்தப் பல்கலைக்கழகம் திருப்பிப் பார்த்தது. அப்போது ஒரு விஷயம் புலப்பட்டது. அரசியல் அறிவியல் துறையில் முதல் பாடத்தில் 'ஏ' அல்லது 'பி' கிரேடு வாங்கியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள். 'சி' வாங்கியவர்களில் கால்வாசிப் பேர்தான் பெற்றார்கள்.

'சி' என்பது பாஸ்தான். அதனால் யாரும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஃபெயில் ஆனவருக்காவது கடிதம் போகும். தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவர் 'பிரச்னை இல்லாதவர்' பட்டியலில் இருந்துகொண்டே மெல்ல விலகிப் போனார்.

2012 முதல் இதுபோன்ற சுமார் 800 அறிகுறிகளைக் கணினி மூலம் தினமும் கண்காணிக்கும் முறையை அந்தப் பல்கலைக்கழகம் கொண்டுவந்தது. அறிகுறி தெரிந்தால், ஆலோசகர் ஒருவர் மாணவரை அழைத்துப் பேசுவார். இதற்காகவே 40-க்கும் மேற்பட்ட ஆலோசகர்கள் கூடுதலாக நியமிக்கப்பட்டார்கள். இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாஃப்ட்வேர் சொன்னது 'யாரைக் கவனிக்கணும்' என்பதை மட்டும்தான். கவனித்தது மனிதர்கள்.

இன்னொரு நடவடிக்கை பணம் தொடர்பானது. கட்டணத்தில் சிறு தொகை பாக்கி இருந்ததால் பெயர் நீக்கப்பட்ட மாணவர்கள் அங்கே ஒவ்வொரு செமஸ்டரிலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் படிப்பில் தேறக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே பாக்கியைப் பல்கலைக்கழகம் கட்டியது. சராசரியாக ஒருவருக்கு 900 டாலர். மாணவர் தொடர்ந்து படித்துக் கட்டும் கட்டணத்தோடு ஒப்பிட்டால், பல்கலைக்கழகத்துக்கும் இது நஷ்டக் கணக்கு அல்ல.

நியூயார்க் காட்டிய வழி

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் 'ஏசாப்' என்ற திட்டத்தைத் தன் சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கியது. முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ளும் மாணவருக்கு அடிக்கடி சந்திக்கும் தனி ஆலோசகர், கட்டணத்தில் விடுபடும் தொகைக்கு உதவி, புத்தகம், போக்குவரத்துக்கு மெட்ரோ கார்டு, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து அமையும் வகுப்பு நேரம் ஆகியவை கொடுக்கப்பட்டன.

இந்தத் திட்டம் குலுக்கல் முறையில் இரு குழுக்களைப் பிரித்து ஆய்வு செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்த குழுவில் 40 சதவீதம். திட்டத்தில் இல்லாத குழுவில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கு ஆன செலவு அதிகம்தான். ஆனால், ஒரு பட்டதாரியை உருவாக்க ஆகும் செலவு என்று கணக்கிட்டால் அது குறைந்தது. பின்னர் ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகளில் இதே முறையைக் கொண்டுவந்தபோதும் பட்டம் பெறுவோர் விகிதம் கிட்டத்தட்ட இருமடங்கானது.

இங்கே வழக்கமாக ஒரு கேள்வி வரும். "இப்படி எல்லாத்தையும் கையில கொடுத்தா பசங்க எப்படி வளருவாங்க? தரம் குறையாதா?"

இந்த இரண்டு இடங்களிலும் பாடமும் தேர்வும் மாறவில்லை. பாஸ் மார்க் குறைக்கப்படவில்லை. மற்ற மாணவர்கள் எழுதிய தேர்வுகளைத்தான் இவர்களும் எழுதினார்கள். தேர்வு மையம் வரை போய்ச் சேரும் பாதையில் கிடந்த கற்கள்தான் அகற்றப்பட்டன.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

மாணவர் ஆதரவு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு தொழிற்கல்விப் படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட பிற தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு வந்தது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. திறன் பயிற்சிக்கான நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 முதல் நடக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லாப் பயணம். இது கல்லூரி மாணவிகளுக்கும் பயன்படுகிறது.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. பள்ளிகளில் சத்துணவு 10-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறும் கல்லூரி மாணவருக்குத் திட்டம் இல்லை. ஆனால், பழநி தண்டாயுதபாணி சுவாமி கோயில் நடத்தும் கல்வி நிறுவனங்களில் 2022 நவம்பரில் காலைச் சிற்றுண்டி தொடங்கப்பட்டது. அங்குள்ள கல்லூரி மாணவர்களுக்கும் அது கிடைக்கிறது.

மாணவரைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவருவதற்கான ஏற்பாடுகள் இங்கே வலுவாக இருக்கின்றன. வாசலுக்குள் வந்த பிறகு, முதல் இரண்டு செமஸ்டர்களில் அவரைப் பிடித்து நிறுத்துவதற்கான ஏற்பாடுகள்தான் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன.

மென்டார் நோட்டு யாருக்காக?

ஒவ்வொரு ஆசிரியருக்கும் இத்தனை மாணவர்கள் என்று ஒதுக்கி வழிகாட்டும் 'மென்டார்' முறை இன்று பெரும்பாலான கல்லூரிகளில் பெயரளவிலாவது இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் இதற்கு இடமுண்டு. சிக்கல் என்னவென்றால், பல இடங்களில் அது நாக் குழு வரும்போது காட்டுவதற்கான நோட்டாகவே நின்றுவிடுகிறது. ஒரே நாளில் முப்பது மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அரசுக் கல்லூரிகள் பலவும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. அடுத்த ஆண்டு தனக்கே இந்தக் கல்லூரியில் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், 'இந்த மாணவரை மூன்று வருடம் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்படைப்பதில் அர்த்தம் குறைவு. நிரந்தர ஆசிரியர் நியமனம் என்பது ஆசிரியர்களின் பிரச்னை மட்டுமல்ல. மாணவர் ஆதரவின் அடித்தளமே அதுதான்.

இருக்கும் ஆட்களை வைத்துச் செய்யக்கூடியதும் உண்டு. மென்டார் சந்திப்பை எல்லோருக்கும் ஒரே அளவில் நடத்தாமல், முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் சேர்த்துப் பார்த்து, தடுமாறும் பத்துப் பேரிடம் மட்டும் முதலில் பேசலாம். இதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் தேவையில்லை. ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

வகுப்பறையில் என்ன மாறணும்?

2014-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளை அது ஒப்பிட்டது. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதமாகவும், மாணவர்களும் பேசி, கணக்குப் போட்டு, விவாதிக்கும் வகுப்புகளில் சுமார் 22 சதவீதமாகவும் இருந்தது.

70 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இது சாத்தியமா என்று கேட்கலாம். பெரிய மாற்றம் தேவையில்லை. 20 நிமிடம் நடத்திவிட்டு ஒரு கேள்வியைப் போர்டில் எழுதி, 'பக்கத்துல இருக்கிறவங்களோட பேசி விடை சொல்லுங்க' என்று மூன்று நிமிடம் கொடுக்கலாம். அந்தப் பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். தமிழில் புரிந்துகொண்ட பிறகு ஆங்கிலத்தில் எழுதப் பழகுவது எளிது. பாடத்தின் முக்கியச் சொற்களுக்கு இரு மொழிப் பட்டியல் ஒன்றை முதல் வாரத்திலேயே கொடுத்தால், தமிழ் வழியில் வந்தவர்களுக்குப் பாதிப் பயம் குறைந்துவிடும்.

ஏஐ விஷயத்திலும் இதே அணுகுமுறைதான். தடை போட்டால் மறைத்துச் செய்வார்கள். அசைன்மென்ட் எதை வைத்து எழுதப்பட்டாலும், அதிலிருந்து ஐந்து நிமிடம் நேரில் கேள்வி கேட்டால் போதும். படித்தாரா, காப்பி அடித்தாரா என்பது தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம், பின் பெஞ்சில் இருப்பவரோடு ஆசிரியர் நேரடியாகப் பேசும் முதல் வாய்ப்பாகவும் அமையலாம்.

மனநலம்: இனி விருப்பத் தேர்வு அல்ல

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்களில் 13,044 பேர் மாணவர்கள். மொத்தத்தில் இது 7.6 சதவீதம்.

உயர்கல்வி நிறுவனங்களில் நடக்கும் மாணவர் தற்கொலைகளை ஆராய, முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் மற்றொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களை அது பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

ஆலோசகரை நியமித்தால் மட்டும் போதாது. முதல்வர் அறைக்குப் பக்கத்திலேயே கவுன்சலிங் அறை இருந்தால், 'யாராவது பாத்துட்டா?' என்ற பயத்தில் யாரும் போகமாட்டார்கள். அங்கே சொன்ன விஷயம் துறைத் தலைவருக்கோ வீட்டுக்கோ போய்விடும் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். எது ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து போன்ற எந்தச் சூழலில் மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லப்படும் என்பதை முதல் நாளே மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பாகுபாட்டையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சாதி, நிறம், ஊர், பேச்சு வழக்கு, இடஒதுக்கீடு ஆகியவற்றை வைத்துச் செய்யும் கேலியைத் 'தமாஷ்' என்று கடந்துபோகும் வளாகத்தில் கவுன்சலிங் அறை மட்டும் எதையும் சரிசெய்யாது. யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாள்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது மாணவர்களுக்குத் தெரியுமா என்பதே முதல் கேள்வி.

சரி, அடுத்த செமஸ்டரிலேயே என்ன செய்யலாம்?

பெரிய நிதி ஒதுக்கீடு இல்லாமலே கல்லூரிகள் தொடங்கக்கூடியவை இவை:

1. வருகைப் பதிவையும் முதல் இன்டர்னல் மதிப்பெண்ணையும் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்திலேயே சேர்த்துப் பார்ப்பது. ஃபெயில் ஆனவர்களோடு, பார்டரில் பாஸ் ஆனவர்களையும் அழைத்துப் பேசுவது.

2. உதவித்தொகை, சான்றிதழ், வங்கி, ஆதார் சிக்கல்களுக்கு ஒரே கவுன்ட்டர். சீனியர் மாணவர்கள் இருவரை அங்கே உட்காரவைத்தால் ஜூனியர்களின் தயக்கம் பாதியாகும்.

3. தேர்வுக் கட்டணத்துக்குச் சில நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக யாரும் தேர்வை விடக் கூடாது. முன்னாள் மாணவர் சங்கத்தின் உதவியோடு சிறிய அவசர நிதி ஒன்றைத் தொடங்கலாம். பணம் கேட்பவரின் பெயர் வெளியே தெரியக் கூடாது.

4. பஸ் நேரத்தைப் பார்த்து முதல் பீரியடை அமைப்பது. இல்லையென்றால், மாணவர்கள் வரும் வழித்தடங்களைப் பட்டியலிட்டுப் போக்குவரத்துக் கழகத்திடம் நேர மாற்றம் கேட்பது.

5. முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் உரைகளைக் குறைத்து, அரியர், மறுமதிப்பீடு, இன்டர்னல், லைப்ரரி ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதைத் தமிழில் சொல்லித் தருவது.

6. டி.சி. கேட்டு வரும் மாணவரிடம் கையெழுத்து போடுவதற்கு முன், ஒருவர் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசுவது. ஏன் போகிறார்கள் என்ற பட்டியலைத் துறைவாரியாக ஆண்டுதோறும் பார்ப்பது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதைப் பல கருத்தரங்குகளைவிட அந்தப் பட்டியல் தெளிவாகச் சொல்லும்.

மாணவர்களும் பெற்றோரும் கேட்க வேண்டியவை

கல்லூரியில் சேரும்போது கட்டிடம், ஏ.சி. லேப், பிளேஸ்மென்ட் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். அதோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்குகிறார்கள்? என் பிள்ளையின் மென்டார் யார், அவரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள்? கவுன்சலர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? இந்தக் கேள்விகளைப் பெற்றோர் கேட்கத் தொடங்கினால், கல்லூரிகளும் பதிலைத் தயார் செய்யத் தொடங்கும்.

படிக்கும் மாணவர்களுக்கு ஒரு விஷயம். சந்தேகம் கேட்பதும் உதவி கேட்பதும் பலவீனம் அல்ல. அரியர் விழுந்தாலும் ஃபீஸ் கட்ட முடியாவிட்டாலும் வீட்டில் பிரச்னை என்றாலும், கல்லூரிக்கு வருவதை நிறுத்துவதற்கு முன் நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ சீனியரிடமோ சொல்லிவிடுங்கள். பெரும்பாலான சிக்கல்களுக்கு ஏதாவது ஒரு வழி இருக்கிறது. அது இருப்பது தெரியாமல்தான் பலர் விலகிப் போகிறார்கள்.

மன அழுத்தமோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணிலும் பேசலாம். தமிழிலேயே பேச முடியும்.